பதினைந்து லட்சமும் ஒரு துப்பட்டியும்

சண்முகசுந்தரிக்குப் பதினைந்து லட்சம் வந்துவிட்டதாகப் பாளையங்கோட்டை மார்க்கெட் முழுக்கப் பேச்சு. கத்தரிக்காய் விற்பவள் சொன்னாள், தேங்காய்க் கடைக்காரர் தலையாட்டினார், பூ விற்பவள் தன் பங்குக்கு அதை இருபதாக்கினாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதவள் சண்முகசுந்தரி ஒருத்திதான்.

"இன்னும் பேரம் பேசுதீயளே அக்கா. அண்ணாச்சிக்குக் கால் போனாலும், இன்சூரன்ஸ்ல வந்துட்டுல்லா?" என்றாள் காய்க்காரி. குத்தலாக இல்லை, ஆறுதலாகத்தான் கேட்டாள்.

வதந்தி என்று ஒன்று வந்துவிட்டால் யாராவது போய் விசாரிக்கவேண்டும். வேறு யாருக்கும் அவசரமில்லை. காய்ப்பையோடு அவளே ஏஜெண்ட் மணிராஜைத் தேடிக் கிளம்பினாள். பாதி வழியிலேயே அவளும் நம்ப ஆரம்பித்துவிட்டாள். மனுஷனுக்கு நல்லதாக ஒரு செயற்கைக் கால் பொருத்திவிடலாம், மறுபடி தொழிலுக்குப் போவான்.

அவள் புருஷன் சிவகணேஷ் பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் சப்ளை செய்பவன். திருச்செந்தூர் பக்கம் போய்விட்டுக் காரில் திரும்பும்போது செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு மயில் குறுக்கே வந்தது. ஒடித்துத் திருப்பினான். மயில் பிழைத்தது, கார் புளியமரத்தில் ஏறியது. டிக்கியில் இருந்த சோதனைக்குழாய்கள் அத்தனையும் பொடி. 'வேறு வாகனம் சம்பந்தப்படவில்லை' என்று போலீஸ் எழுதிக்கொண்டது. மயிலையும் சேர்த்தால் இரண்டு வாகனம்தான். ஆனால் அதற்குப் பதிவு எண் கிடையாது, உரிமையாளர் திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்கிறார், சம்மன் வாங்கமாட்டார்.

பின்னால் வேனில் வந்த காயல்பட்டினத்து ஹமீது பீவிதான் முதலில் இறங்கி ஓடிவந்தது. வயசான மனுஷி. மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி, காலை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். உயிர் தங்கியது அந்தக் கட்டினால்தான் என்றார் டாக்டர். காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

மணிராஜ் சிவகணேஷுக்குச் சேக்காளி. அந்தச் சிநேகத்தில் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான்.

"பதினஞ்சு லட்சமா? யாரு மைனி சொன்னா?"

"ஊரே சொல்லுது தம்பி."

"ஊரா பிரீமியம் கட்டுச்சு?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அது சொந்த வண்டிய ஓட்டுத ஓனருக்கு உள்ளது மைனி. ஆர்.சி. உங்க பேர்ல இருக்கு. ஓட்டுனது அண்ணன்."

"அப்ப நான் ஓட்டியிருந்தா?"

"உங்களுக்கு லைசென்ஸ் இல்ல. அப்பமும் கிடையாது."

"எதுக்க ஒரு லாரி வந்து மோதியிருந்தா?"

"லாரியோட இன்சூரன்ஸ்ல கேக்கலாம். மரத்துக்கிட்ட என்னத்தக் கேக்க? ஓட்டுதவங்களுக்குன்னு தனியா ஒண்ணு சேக்கலாம்னு பாலிசி போட்ட அன்னைக்கே சொன்னேன். 'எனக்கு என்னலே ஆவப்போவுது'ன்னுட்டாரு. வண்டி சேதத்துக்கு மட்டும் வந்துரும். உங்க பேருக்கே செக்கு."

"வண்டிக்கு வரும், ஓட்டுனவனுக்கு வராதாக்கும்."

மணிராஜ் மேஜையைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒருத்தன் ஒரு வழி சொன்னான். நான் சொல்லல. அண்ணன் உங்ககிட்ட சம்பளத்துக்கு ஓட்டுத டிரைவர்னு எழுதிக் குடுத்தா, கேட்டுப் பாக்கலாமாம்."

கார் அவள் பேருக்கு வந்த கதை வேறு. சிவகணேஷுக்கு அஷ்டமச் சனி, அவன் பேரில் வாகனம் ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அவள்தான் சாப்பிடாமல் கிடந்து சாதித்தாள். "சனி என்ன, ஆர்.சி. புக்கப் பாத்துட்டா வருவாரு?" என்று அவன் அப்போது சிரித்தான். சனி பார்த்தாரோ என்னவோ, இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

வீட்டில் சிவகணேஷ் கட்டிலில் சாய்ந்திருந்தான். வதந்தி அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. செயற்கைக் கால்களைப் பற்றிச் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், டிரைவர் யோசனை உட்பட.

"சம்பளம் எவ்வளவு குடுத்தீயன்னு கேப்பானே. என்ன சொல்லுவ?"

"சோறு போட்டேன்னு சொல்லுதேன்."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையாயிற்று.

"நாந்தான் எம் பேர்ல வாங்கச் சொன்னேன்."

"ஏளா, ஒம் பேர்ல வாங்குனதாலதான் காலோட போச்சுன்னு வச்சுக்கோ. பொய்ய எழுதிக் குடுக்கவேண்டாம். விடு." செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

அவள் முகம் கழுவிவிட்டு, கார்க் காகிதங்களைத் திருப்பி வைக்கப் பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில் அந்தத் துப்பட்டி. எத்தனையோ முறை அலசியும் ஓரத்தில் மங்கலாக ஒரு கறை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வேன்காரரிடம் நம்பர் வாங்கிப் பீவிக்குப் போன் செய்திருந்தாள், புதுசாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று.

"புதுசெல்லாம் வேண்டாம் மகளே," என்றார் ஹமீது பீவி. "அதே துப்பட்டியத் தா. ஆனா நீ கொண்டுவரக் கூடாது. தம்பி அந்தக் காலால நடந்து வந்து என் கையில தரட்டும். நான் தொழுது துஆ செஞ்சுக்கிட்டேதான் இருக்கேன்."

சரிம்மா என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலை எடுத்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

பீவி அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டார். இருவரில் யாரும் எடுக்கவில்லை. துப்பட்டி பீரோவில்தான் இருக்கிறது.