ஓவர்சியர் நக்காத சுவர்

கீழக்கரையில் பாக்கரின் மணல் வண்டி அறியாத தெரு கிடையாது. நாடு சுதந்திரம் வாங்கிய மறு வருசம் சொந்தமாக ஒரு சோடி மாடும் ஒரு கட்டை வண்டியும் வாங்கி, வைகையிலிருந்து ஆற்று மணல் ஏற்றிவந்து வீடு கட்டுகிறவர்களுக்குப் போட ஆரம்பித்தார். அந்தத் தொழிலை ரெட்டைத் தொழிலாக ஆக்கியது அவர் மனைவி சுலைகா.

"வரும்போது மணலோட வருது, போகும்போது வெறும் வண்டியாப் போகுது. மாடு என்ன ஊர் சுத்திப் பாக்கவா போகுது மச்சான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அன்றிலிருந்து கொல்லைப்புறம் அவள் கடையானது. ஓட்டைப் பித்தளைக் குடம், துருப்பிடித்த நங்கூரம், உடைந்த போத்தல், தோணிக்காரர்கள் கழித்துப்போட்ட கிழிந்த பாய்மரப் பாய் என எது வந்தாலும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுப்பாள். ஊர்ப் பெண்கள் முக்காட்டுக்குள் ஈயச் சட்டியை ஒளித்துக்கொண்டு வந்து, பழத்தை மென்றபடியே திரும்பிப் போனார்கள். அவர்கள் வண்டியை ஓட்டிய மூக்கையா எல்லாவற்றையும் ராமநாதபுரம் ரயிலடியில் இறக்கிவிட்டு ஆற்றுக்குப் போவார். "நம்ம வீட்ல குப்பைன்னு ஒண்ணு கெடையாது, இன்னும் வெல போகாத சாமான்தான் கெடக்கு" என்பாள் சுலைகா. வாய்க்காரிதான், ஆனால் கை அதைவிட வேகம்.

பாக்கருக்கோ ஒரே ஒரு வைராக்கியம். கடல் மணலைத் தொடமாட்டார். கடல் மணலில் கட்டிய சுவர் உப்புப் பூத்து உதிரும் என்று கண்ட இடத்திலெல்லாம் பேசுவார். பேச்சோடு விட்டாரா மனுசன்? ஒரு தடவை காலிதா என்ற அம்மாளின் புதுவீட்டுச் சுவரருகே ஓர் ஆட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார். உப்பு ருசி கண்ட ஆடு சுவரை நக்கோ நக்கென்று நக்கியது. தெருவே சிரித்தது. காலிதா அதை மறக்கவேயில்லை.

இப்படியாகப் பத்து வருசம் போனது. மகள் மலிகாவுக்கு மாப்பிள்ளையாக அமைந்தது யார் என்கிறீர்கள்? அந்தக் காலிதாவின் மகன் சுஐபு! ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். காலிதாவுக்கு அரைமனசு.

அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகளுக்கென்று வீடு கட்டிக் கொடுக்காத தகப்பன் தலைநிமிர முடியாது. பாக்கர் பார்த்துப் பார்த்துக் கட்டினார். மணமக்கள் தங்கப்போகும் மணவறையின் பின்சுவர் ஒன்றுதான் பாக்கி, மழை பிடித்துக்கொண்டது. வைகையில் வெள்ளம், மணலுக்கு எங்கே போக? நிக்காஹ் நாளோ நெருங்குகிறது. சுலைகாவுக்குச் சோறு இறங்கவில்லை. திடீரென்று ஒருநாள் மணல் வந்து, சுவர் எழும்பி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. "எங்கன கெடச்சுச்சு மச்சான்?" என்று கேட்டாள். "கெடச்சுச்சு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார் பாக்கர்.

நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் காலிதா பெண்களோடு வீடு பார்க்க வந்தாள். தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்தாள், தரையைத் தடவிப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தாள். விருந்துக்கு வாங்கிக் கட்டியிருந்த கிடா, போட்ட தழையைச் சீண்டாமல், மணவறையின் பின்சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

சுலைகா சட்டென்று திரும்பினாள். கிணற்றடியில் நின்ற புருசனைப் பார்த்தாள். அவர் தலை தொங்கிப்போயிருந்தது. கேட்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை.

காலிதா கதவோரம் நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணன் முறை வைத்து, "பாக்கர் காக்கா, ஆடு என்ன சொல்லுது?" என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"கழுவிட்டுத்தான் போட்டேன், நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான்..." என்று பாக்கர் முனகினார்.

சுலைகாவுக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, பாவமாகவும் இருந்தது. மகளுக்காகத்தானே இந்த மனுசன் தன் வாக்கையே விழுங்கியிருக்கிறார்! நேரே பழைய இரும்புக் குவியலுக்குப் போனாள். ஒரு கடப்பாரையை உருவிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இடிங்க மச்சான்."

"நாளைக்கு நிக்காஹு, சுலைகா!"

"நாளைக்கு நிக்காஹு. நாளன்னைக்கு ஊருக்கு மணல் போடணுமா வேணாமா? எந்த மொகத்தோட போடுவீக?"

உள்ளேயிருந்து மலிகாவின் குரல் கேட்டது. "இடிங்க வாப்பா. செவரு இல்லாட்டி நல்லாக் காத்து வரும்."

பாக்கர் இடித்தார். கண்ணை மறைத்தது சுண்ணாம்பா கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை. கூட வந்த பெண்கள் சிரிப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

கடைசிக் கல் விழுந்ததும், "இந்த வீட்டுக்கு மாப்பிள்ளைய அனுப்புவீகளா ராத்தா?" என்று காலிதாவிடம் சுலைகா கேட்டாள். வாய்க்காரி வாயில் அன்றைக்கு வந்த ஒரே நடுங்கிய வார்த்தை அதுதான்.

காலிதா கற்குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்குச் செவரு கட்டுனவன் கொழும்புக்குக் கப்பலேறிட்டான். இங்கன கட்டுனவுக கடப்பாரையோட நிக்கிறாக. எம்மகன் இந்த வீட்டுக்கே வரட்டும்" என்றாள்.

சுலைகா கழிவுச் சாமான்களுக்குள் கிடந்த தோணிப் பாயை இழுத்துத் தைத்துச் சுவரிருந்த இடத்தில் கட்டினாள். அந்தப் பாய்க்குள்தான் மலிகாவும் சுஐபும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். விருந்துக்கு வேறு கிடா வாங்கினார்கள். சுவரை நக்கிய கிடாவை அறுக்கப் பாக்கருக்கு மனசு வரவில்லை. கட்டடங்களைப் பார்வையிடும் மராமத்து இலாகாக்காரர்கூட இவ்வளவு சரியாகச் சுவர் பார்க்கமாட்டார் என்று சொல்லி மூக்கையா அதற்கு 'ஓவர்சியர்' என்று பேர் வைத்தார்.

வெள்ளம் வடிந்தது. வைகை மணல் வந்து, புதுச்சுவரும் காய்ந்தது. ஓவர்சியரைப் பிடித்து வந்தது காலிதாவேதான். கிடா சுவரை முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. திரும்பிப் பாக்கரின் தோள்துண்டைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று துண்டைப் பற்றிக் கவலையில்லாமல் பாக்கர் சிரித்தார். சுலைகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

காலிதா கயிற்றை அவிழ்த்தபடி, "காக்கா, எங்க வீட்டுச் செவரையும் இடிச்சுக் கட்டப்போறேன், மணல் வண்டி அனுப்புங்க" என்றாள்.

சுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "இடிச்ச கல்ல வேற யாருக்கும் போட்டுறாதீக ராத்தா. பேரீச்சம்பழம் தாரேன்."