தோப்புக்குத் தடை சொன்ன ஞாயிறு

என் மகள் ஏழு வயது வரை தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிட்டதில்லை. நான் ஊட்ட வேண்டும். ஊட்டும்போது காக்காய் காட்ட வேண்டும். காக்காய் பறந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். பள்ளி இறுதி வகுப்பு தேறியவள், குழந்தை வளர்ப்பு பற்றி இரண்டு புத்தகம் படித்தவள் என்று எனக்குப் பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சொன்னதால் எதைக் கேட்பது என்று தெரியாமல் ஊட்டிக்கொண்டே இருந்தேன்.

நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியிருந்த வருஷம் அது. மே மாதம் அவளை எங்கள் கிறிஸ்தவ சபையின் முகாமுக்கு அனுப்பினோம். ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகிற வழியில் எங்கள் சபைக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. ஒரு கிணறு, ஓடு வேய்ந்த நீளமான கூடம், அவ்வளவுதான். வருஷத்தில் ஒரு வாரம் சின்னப் பிள்ளைகள் முதல் வாலிபர் வரை அங்கே தங்கிப் பாடுவார்கள், ஆடுவார்கள், ஒருவரையொருவர் கிணற்றில் தள்ளுவார்கள். சமையலுக்கு உதவுகிறேன் என்று சொல்லி நானும் கூடவே போனேன். சமையலுக்கு ஆள் நிறைய இருந்தது. கிணற்றைக் காவல் காக்கத்தான் ஆள் இல்லை என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள், சாப்பாட்டு வரிசையில் என் மகள் தட்டோடு நின்றாள். களி உருண்டையைத் தானே பிட்டு, குழம்பில் தோய்த்து விழுங்கினாள். பிறகு தட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நான் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கேட்டவர்களிடம் புகை என்றேன்.

அந்தத் தோப்பைத்தான் விற்கப் போகிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். கடிதம் எழுதியதே நான்தான்.

கோயிலுக்கு மணிக்கூண்டு கட்ட வேண்டும் என்று சபைக் கமிட்டித் தலைவருக்கு ஆசை. தோப்பை இருபது வீட்டுமனையாகப் பிரித்து விற்றால் கட்டிவிடலாம் என்றார். பெங்களூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன; எல்லை தாண்டி இங்கேயும் ஆட்கள் குடிவருவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு முதலாளி, வாங்கி வாடகைக்கு விடலாம் என்று விவரம் கேட்டிருந்தார். கமிட்டிச் செயலாளர் என் கணவர். அவர் கையெழுத்து அவருக்கே விளங்காது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"இருபது வீட்டுமனைகள் விற்பனைக்கு உள்ளன" என்றார். வரி முடிகிற இடம். நான் "இருபது மனை" என்று சுருக்கிவிட்டேன். இடம் போதவில்லை என்பதுதான் காரணம் என்று அன்றும் நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டம்மாவோடு காலை முதல் மாலை வரை கன்னடம் பேசுகிறவள் நான். கன்னடத்தில் மனெ என்றால் கட்டி முடித்த வீடு என்பது எனக்குத் தெரியாதா? இன்று வரை தீர்மானிக்க முடியவில்லை.

நாலாம் நாள் பகலில் தோப்புக்குள் ஒரு கார் வந்தது. முதலாளி, அவருடைய அம்மா, தங்கை, தங்கையின் வீட்டுக்காரர். தங்களுக்கு எந்த வீடு, வாடகைக்கு எந்த வீடு என்று பார்த்துவைக்க வந்திருந்தார்கள். தலைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கன்னடம் தனக்கு நன்றாக வரும் என்பது அவருடைய நம்பிக்கை.

"மனெ எல்லி?" என்றார் முதலாளி. வீடு எங்கே என்று.

"இந்தா, நீங்க நிக்கியளே, இதுவும் மனைதாம்" என்றார் தலைவர்.

முதலாளி குனிந்து தன் காலடியைப் பார்த்தார். "இப்பத்து மனெ?"

"ஆமா, இருவதும் இங்கனதாங் கெடக்கு. அந்தா, அந்த மாமரம் வரைக்கும் மனைதாம்."

அம்மாவின் கண்ணில் கூடம் பட்டது. "ஒந்து மனெ இதெ. மிக்கித்து எல்லி?" ஒன்று இருக்கிறது, மீதி எங்கே?

"அதையா? அத இடிச்சிருவோம்லா!" என்றார் தலைவர் பெருமையாக.

தங்கையின் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்; என் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துச் சொன்னதும் அவர்தான். அவர் இதை எடுத்துச் சொன்னதும் முதலாளியின் முகம் சிவந்தது. இரண்டு பாஷையும் தெரிந்த நான் கரண்டியோடு பத்தடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் எழுத்து யாருடையது என்று கேட்பார்களே? குழம்பு அடிப்பிடிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். முதலாளி கடிதத்தைத் தலைவர் கையில் திணித்துவிட்டுக் காரேறினார்.

மாலையில் என் கணவர் அந்தக் கடிதத்தோடு வந்தார்.

"வீட்டு எங்க?"

"எந்த வீட்டுங்க?"

"வீட்டுமனையில இருந்த வீட்டு."

"எடம் பத்தலைங்க."

அவர் கடிதத்தை விரித்துக் காட்டினார். கீழே அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

தலைவர் சளைக்கவில்லை. உள்ளூரிலேயே தனித்தனியாக விற்றுவிடலாம் என்றார். எங்கள் சபையில் சொத்து விற்பதென்றால், கல்யாண ஓலை வாசிப்பது போலவே மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்க வேண்டும். தடை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம். முதல் ஞாயிறு எழ நினைத்தேன், மகள் தும்மினாள். இரண்டாம் ஞாயிறு, செயலாளர் மனைவியே எழுந்தால் செயலாளருக்கு அவமானம் ஆயிற்றே என்று யோசித்து முடிப்பதற்குள் ஆராதனை முடிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு, சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன். போதகர் ஏதோ வாசித்தார். எனக்கு இருந்த படபடப்பில் கடைசி வரி மட்டும்தான் காதில் விழுந்தது: "தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

எழுந்தேன். "தடை இருக்குதுங்க."

கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அன்று தோப்புக்கு முன்னால் ஒரு கல்யாண ஓலையும் இருந்திருக்கிறது. அவர் வாசித்தது அதை. எனக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தது அந்தக் கல்யாணப் பெண்ணின் தாய்.

"அடிப்பாவி! எம் பொண்ணு உனக்கு என்னடி பண்ணுனா?"

ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வெளிறிப்போய்ச் சுவரைப் பார்த்தார். அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ.

"பொண்ணுக்கு இல்லைங்கக்கா! தோப்புக்கு!"

"தோப்பு இன்னும் வரலையேம்மா" என்றார் போதகர். "உக்காருங்க."

"உக்காந்தா மறுபடி எந்திரிக்க மாட்டேங்கய்யா."

காகிதத்தைத் தேடினேன். அது கீழே விழுந்து யார் பாய்க்கடியிலோ போய்விட்டது. ஆண்டவரின் ஊழியம், வரும் தலைமுறை என்றெல்லாம் அதில் அழகாக எழுதியிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அங்க போனா எம் பொண்ணு தானே சாப்புடுறாளுங்க. தட்டையும் கழுவுறா."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. தன் மகள் கல்யாணத்துக்குத் தடை இல்லை என்ற சந்தோஷத்தில் பெண்ணின் தாய்தான் முதலில் எழுந்தார். "அது சரியாத்தான் சொல்லுது. எம் பையன் அங்க போனாத்தான் பாயைச் சுருட்டி வெக்கறான்."

"அதெல்லாம் வுடுங்கக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மே மாசத்துல அந்த ஒரு வாரந்தான் நமக்கு வீடு வீடா இருக்குது!"

பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து நின்றது.

"அப்பொ மணிக்கூண்டு?" என்றார் தலைவர்.

"மணி வேப்பமரத்துலயே தொங்கட்டுங்க" என்றார் பெண்ணின் தாய். "இப்ப கேக்காமயா போயிடுச்சு?"

பெண்கள் தடை சொல்லலாமா என்று தலைவர் கேட்டார். சொல்லக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் இல்லை என்றார் போதகர். தோப்பு நின்றது.

வீடு திரும்பும்போது என் கணவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். தெருமுனை வந்ததும் கேட்டார்: "இந்தத் தடவை எடம் பத்துச்சா?"

மத்தியானம் சோறு போட்டேன். மகள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். முகாம் முடிந்து வந்த நாளிலிருந்தே அப்படித்தான். கோயிலில் அதை நான் சொல்லவில்லை. எழுந்து தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு ஊட்ட ஆரம்பித்தேன்.

"காக்கா எங்கம்மா?"

"மெதுவாப் பேசு" என்றேன். "கமிட்டிக்குக் கேட்டுடும்."