அம்மா பிடிக்காத நோன்பு

சந்தேகப்படுவது எனக்குக் கூடவே பிறந்த குணம். கடைக்காரர் மிட்டாயை எண்ணிக் கொடுத்தாலும் வாசலில் நின்று மறுபடி எண்ணுகிற ரகம். ஒன்பது வயதில் முதன்முதலாக முழு நோன்பு பிடிக்கத் தொடங்கியதும் அந்தக் குணத்துக்குக் கொம்பு முளைத்துவிட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எங்கள் ஊர் மரக்காணத்தில் தின்னவே வேண்டாம், கோடையில் உப்பளத்துக் காற்று அடித்தால் உப்பு தானாக உதட்டில் வந்து உட்காரும். அதை நக்கினால் நோன்பு முறிந்துவிடுமோ என்று நாள் முழுக்க உதட்டைத் துடைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அப்படிப்பட்ட என் கண்ணெதிரே, பட்டப்பகலில், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அம்மா பன் தின்றுகொண்டிருந்தாள்.

அம்மா அப்போது மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். தம்பி பிறந்தபோது அவளுக்கு வலிப்பு வந்து, பிழைத்தது பெரிய விஷயமாகிவிட்டதாம். இன்னொரு பிரசவம் வேண்டாம், உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். லீவில் வந்த அத்தா துபாய்க்குத் திரும்பிய பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. பெற்றுக்கொள்வதா, கலைத்துவிடுவதா என்று அம்மா தவித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு பெரியம்மா சொன்னது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பன்தான்.

பெண்களுக்குச் சில நாட்கள் நோன்பும் கிடையாது, தொழுகையும் கிடையாது என்று பெரியம்மா மகள் மூலமாக அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் அம்மா ஐந்து வேளையும் தொழுதாள். தொழுகிறவளுக்கு நோன்பு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? வயிற்றில் பிள்ளை இருப்பவள் தொழலாம், முடியாவிட்டால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத சட்டம். ஆகவே இது திருட்டு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

திருட்டுக்குக் கூட்டாளி பெரியம்மா. அடுத்த தெருவிலிருந்து மத்தியானம் முந்தானையில் டிபன் பாக்ஸை மறைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே குந்தி ஒட்டுக் கேட்டேன்.

"நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. இன்னும் என்னடி யோசனை?"

"மனசு கேக்கலக்கா. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா இந்த ரெண்டையும் யாருடி பாப்பாங்க?"

அம்மா டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "போலாம்க்கா. நீ சொன்னேன்னு வரல. எம்புள்ளைங்கள நான் இருந்து வளக்கணும், அதுக்குத்தான் வர்றேன்" என்றாள். எனக்கோ, என்னை விட்டுவிட்டு இருவரும் எங்கேயோ கிளம்பத் திட்டம் போடுகிறார்கள் என்பது மட்டும் உறுதியாயிற்று.

மறுநாள் பெருநாளுக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாண்டி பஸ் ஏறினார்கள். சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பை கூட இல்லை.

"ஒன் அளவுக்கு ஒண்ணும் கிடைக்கலடி" என்றாள் பெரியம்மா, சுவரைப் பார்த்தபடி.

பாண்டியில் ஒரு பாவாடை சட்டை கிடைக்காதா! யாரிடம் கதை விடுகிறார்கள்? அம்மா நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குத் தொழுகைப் பாயையும் விரிக்கவில்லை. தம்பி மேலே ஏறி விழுந்ததும், அவன் வலித்து அழுகிற அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அத்தாவுக்கு லீவு, வீடியோ காலில் வருவார். இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"அத்தா, அம்மா நோன்பே பிடிக்கிறதில்ல. துணி எடுக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு, பெரியம்மாகூட பாண்டிக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்தாங்க."

"தெரியும்மா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க."

ஆக, இவரும் உடந்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா என்ன பண்றாங்க?" என்றார்.

"தூங்குறாங்க."

"போனை அவங்க பக்கம் திருப்பும்மா. சத்தம் போடாத, எழுந்திருச்சிடப் போறாங்க."

திருப்பிப் பிடித்தேன். அந்தப் பக்கமிருந்து இடையிடையே மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. கை கடுத்தது.

"போதுமா அத்தா?"

"இன்னும் கொஞ்ச நேரம் புடிம்மா."

அத்தாவுக்கும் கடைசியில் சந்தேகம் வந்துவிட்டது, அம்மா தூங்குவதுபோல் நடிக்கிறாளா என்று பார்க்கிறார் என எனக்கு ஒரே சந்தோஷம். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அம்மாவின் போர்வை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.