‘இருக்கட்டும்’ என்றால் ஆமாவா, இல்லையா?

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்குத் தாடை மரத்துப்போகும். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பியது போல, வாய் என்னுடையதா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்றே தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கார் ஏஜென்சியை மூடினார்கள். அன்றைக்கு மரத்த தாடை பல மாதம் தெளியவே இல்லை. மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். அவள் சம்பளத்தில் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. சமையலைக் குறை சொல்லிப் பார்த்தேன். “சம்பாதிச்சுட்டு வந்து குறை சொல்லுங்க” என்றாள். நியாயம்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டு சொகுசுக் கார் கம்பெனி தன் ஆட்களை அனுப்பியது. அவர்கள் கார்களிலேயே விலை குறைந்த செடானை இங்கே விற்கப்போகிறார்கள். அதில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பணக்காரர்களைக் கேட்டு வந்தார்கள். எனக்கு இங்கிலீஷும் தெரியும், ராஜபாளையத்து மில் முதலாளிகளின் வாசலும் தெரியும் என்று யாரோ சொல்லி, ஒரு நாள் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். மதுரையில் ஷோரூம் வருகிறது, இன்றைக்கு ஒழுங்காக நடந்தால் அங்கே ஒரு வேலை உண்டு என்பதும் காதில் விழுந்தது. அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நன்றாகப் பேசியிருப்பேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்காரர், நம் வெயிலில் தக்காளியாகியிருந்தார். மற்றவர் சென்னை அதிகாரி, தமிழர். ஆனால் அவர் வாய் திறக்கக்கூடாதாம். விற்கிறவனே மொழிபெயர்த்தால் பதிலையும் அவனே சொல்லிவிடுவான் என்று கம்பெனிக்குச் சந்தேகம்.

போகும் வழியில் வெள்ளைக்காரர் தொழில் சூட்சுமத்தை எனக்கு விளக்கினார். சின்னக் காருக்குள் பெரிய காரின் எல்லா வசதியையும் வைத்தால் பெரிய காரை யார் வாங்குவார்கள்? அதனால் வாங்குகிற அன்றைக்கே கண்ணில் படுவதை விட்டுவைப்பார்கள். மூன்று வருஷம் கழித்துத்தான் இல்லை என்று தெரிவதை எடுத்துவிடுவார்கள். எடுத்ததைப் பேக்கேஜாகக் கட்டித் தனியாக விற்பார்கள். கூரையில் ஜன்னல் மட்டும் வேண்டும் என்றால் கிடைக்காது. கூடவே மரப்பலகை அலங்காரத்தையும் வாங்கியாக வேண்டும்.

“எங்க ரேஷன் கடையில சீனி கேட்டா சோப்பையும் தலையில கட்டுவாங்களே, அதுதான்” என்றேன். சென்னை அதிகாரி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் விற்ற காலத்தில் ஆப்ஷன் என்றால் ஒன்றுதான்: வண்டி இந்த வருஷம் வருமா, அடுத்த வருஷமா?

ஒரு மில் முதலாளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினார். முதலில் கூரை ஜன்னல்.

“இருக்கட்டும்” என்றார் முதலாளி.

வேண்டுமாம் என்று மொழிபெயர்த்தேன். வெள்ளைக்காரர் டிக் போட்டார்.

மரப்பலகை. “இருக்கட்டும்.” டிக். பின் சீட்டுக்குத் தனி ஏசி. “இருக்கட்டும்ப்பா.” டிக். அடுத்து, குளிருக்கு இதமாகத் தானே சூடாகும் சீட்டு. “இருக்கட்டும், இருக்கட்டும்.”

வெள்ளைக்காரரின் பேனா நின்றது. அது சித்திரை மாதம். ஃபேன் அனலைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தாடையில் தொடங்கி முழங்கை வரை மரத்தது.

“ஐயா, இருக்கட்டும்னா… வேணுமா, வேண்டாமா?”

“அதான் இருக்கட்டும்னேன்லா?”

“இல்லய்யா, கார்ல இருக்கட்டுமா, அவியகிட்டயே இருக்கட்டுமா?”

“ஏம்ப்பா, தமிழ்தான பேசுதேன்?”

சென்னை அதிகாரியைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். வேறு வழியின்றி வெள்ளைக்காரரிடம் சொன்னேன்: எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேண்டும் என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம், ஆளை விடு என்றும் அர்த்தம். அவர் போட்ட டிக்கையெல்லாம் கோடு கிழித்து அடித்துவிட்டார். மதுரை வேலையும் அதோடு போனது என்று நினைத்தேன். நினைத்தும் எதுவும் உறைக்கவில்லை. ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளியது போலத்தான் இருந்தது.

முதலாளியின் மனைவி பால்கோவா கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கரண்டி வந்ததும், புதிதாகக் கற்ற சொல்லைக் கை காட்டிச் சொன்னார்: “இருக்கட்டும்!”

“அதெல்லாம் கூச்சப்படக் கூடாது” என்று அந்த அம்மா ஒரு கரண்டி வைத்தார். மறுபடி “இருக்கட்டும்.” மறுபடி ஒரு கரண்டி. அவர் கலங்கிப்போய் என்னைப் பார்த்தார்.

“மூணு தடவை சொல்லணும் சார். அதுக்கு முன்னால சொல்றதெல்லாம் மரியாதை.”

இதையும் எழுதிக்கொண்டார்.

கடைசி அட்டையில் எந்தப் பேக்கேஜும் எடுக்காத காரின் டேஷ்போர்டு இருந்தது. முதலாளி முதல்முறையாக முன்னால் சாய்ந்தார்.

“இது என்ன, பொத்தான் இருக்க வேண்டிய எடத்துல மூடி போட்டிருக்கு?”

கேட்டுச் சொன்னேன். “சூடு சீட்டுக்கான சுவிட்சு வார எடம்யா. அத வாங்கலைன்னா மூடி போட்டுருவாங்களாம்.”

“அப்போ ஏறுதவன் பூராப் பாப்பான்லா, இவன் இத வாங்கலைன்னு?”

“பாப்பாங்கய்யா.”

“அப்போ அது வேணும்.”

“ஐயா, இந்த வெயில்ல சூடு…”

“சூடு இருக்கட்டும்ப்பா. பொத்தான் வேணும்!”

இதை மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை ஊரில் கிடைத்த முதல் தெளிவான பதில் இதுதான் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியது தெரிந்தது. கை இருந்தது தெரியவில்லை.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு அருகே என்னை இறக்கிவிட்டார்கள். சென்னை அதிகாரி கண்ணாடியை இறக்கினார். ஒரு நாள் முழுக்கப் பூட்டியிருந்த வாய் இப்போது திறந்தது.

“மதுரை ஷோரூமுக்கு உங்க பேரைச் சொல்லட்டுமா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பதில் சொன்னது நான் அல்ல. மரத்த வாய் தானாகவே, நம் வீட்டு வளர்ப்பு மாறாமல் சொன்னது:

“இருக்கட்டும் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

அவர் தலையசைத்தார். கண்ணாடி ஏறியது. பவர் விண்டோ, அது எல்லாப் பேக்கேஜிலும் உண்டு. நான் இரண்டாம் தடவை கேட்பார் என்று புன்னகையோடு நின்றேன். கார் மதுரை ரோட்டில் சின்னதாகி மறைகிற வரை அதே புன்னகைதான். அதைக் கலைக்கவும் தாடை ஒத்துழைக்க வேண்டுமே.

மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து சென்னைக்குப் பேசினேன். அதிகாரிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “நீங்கதான வேண்டாம்னீங்க? வேற ஆள் பேரைக் கொடுத்துட்டேனே.” அவர் மேல் தப்பில்லை. அவரும் தமிழர்தான், என் மரியாதைக்கு மரியாதை கொடுத்திருந்தார்.

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“மூணு தடவைன்னு அந்த வெள்ளைக்காரர்ட்ட சொன்னது நீங்கதான?”

“நான்தான்.”

“இவரு எத்தன தடவை கேட்டாரு?”

“ஒண்ணு.”

“மூணு தடவை கேக்க, அதையும் வீடுன்னு நெனச்சிட்டீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த தோசையோடு வந்தாள்.

“இருக்கட்டும்” என்றேன்.

தட்டில் போட்டுவிட்டு அடுப்புக்குப் போனாள். ருசி தெரியவில்லை. சாப்பிட்டேன்.