கழுவிக் காயவைத்த கவசம்

குண்டு துளைக்காத சட்டையை யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவார்களா? எங்கள் ஆபீஸில் கழுவினார்கள். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்த எனக்கு, திண்டுக்கல்லிலிருந்து ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் துப்பாக்கியோடு உட்காரும் வேலை. ஆயுத பூஜைக்கு நான் லீவு. வண்டியைக் கழுவிய கையோடு, சட்டைகளுக்குள் இருந்த தகடுகளையும் உருவித் தேய்த்து, தகரக் கூரைமேல் காயவைத்து, சந்தனம் குங்குமம் வேறு வைத்திருக்கிறார்கள். பக்தியில் ஒரு குறையும் இல்லை!

லீவு முடிந்து வந்துதான் இதைப் பார்த்தேன். அந்தத் தகடு இரும்பு இல்லை, உள்ளே பீங்கான். கீழே விழுந்தால் வெளியே தெரியாமலே உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். காலாவதி வருஷம் அச்சடித்திருந்த சீட்டும் சோப்பில் அழிந்துபோயிருந்தது. என்னோடு வண்டியில் வரும் இன்னொரு காவலாளியின் தகட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் உறை உப்பியிருந்தது. காதருகே வைத்துச் சுண்டினேன். விரிசல் விட்ட பானை மாதிரி சத்தம் செத்துக் கிடந்தது. சத்தம் நன்றாக வந்தாலே முழுசாக நம்ப முடியாது, எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்கணும். இதற்கு அதுவும் தேவையில்லை.

"ஏலே, இது கூரையிலேர்ந்து விழுந்துச்சா?"

"ஆமாண்ணே, இது மட்டும் சரிஞ்சு விழுந்துச்சு. உடையலேல்ல, அதான் உள்ள சொருகிட்டேன்" என்றான் வெள்ளந்தியாக.

அவனையும் இழுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனேன். "சார், இதுக்கு அட்டையைக் கட்டிக்கிட்டுப் போகலாம். இவனுக்கு வேற தகடு வாங்குங்க."

அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருய்யா சுடப்போறா? வத்தலக்குண்டு என்ன பார்டரா? கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க."

"யாரும் சுடமாட்டான்னா எனக்கு எதுக்கு சார் துப்பாக்கி?" என்று கத்திவிட்டேன்.

தினமும் காலையில் இரண்டு சட்டைகளையும் நான் பார்த்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும். பேனாவை மேஜைமேல் வீசினேன். இனி எப்படி வண்டியை எடுப்பார் பார்ப்போம் என்று இருந்தேன். என்ன மடத்தனம்! அவர் சாவகாசமாக நோட்டை அவன் பக்கம் திருப்பினார். "நீ போடுப்பா."

போன மாசம்தான் அவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. வேலை போனால் என்ன செய்வான்? என் முகத்தைப் பார்க்காமலே போட்டான். தன் நெஞ்சுக்குத் தானே சர்டிபிகேட்! மேனேஜர்மேல் வந்த கோபம் அவன்மேலும் வந்தது. பேனாவை வீசி, அந்தக் கையெழுத்தை அவன் தலையில் கட்டிய என்மேலும்தான் வந்தது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கினோம். பணப்பெட்டி உள்ளே போனது. வழக்கமாக ஏடிஎம் கதவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாக நிற்போம். அன்றைக்கு நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். என் தகடாவது கீழே விழாதது.

"ஏண்ணே, என்னைய மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"வாயை மூடிக்கிட்டுப் பின்னால நில்லுடா" என்றேன்.