ஆவடியில் இறங்கக்கூடியவள்

திருவள்ளூரிலிருந்து வரும் காலை வண்டி திருநின்றவூரில் நின்றதும், லேடீஸ் பெட்டியில் ஏறுகிற மற்றவர்கள் காலி இடம் தேடுவார்கள். தாட்சாயிணி அந்தத் தப்பைச் செய்வதில்லை. அந்த வண்டியில் அந்த நேரத்தில் காலி இடம் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவள் ஆளைத் தேடுவாள். உட்கார்ந்திருப்பவர்களில் யார் சாப்பாட்டுப் பையை மடிக்கு எடுத்துவிட்டார்கள், யார் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், யாருடைய கால் பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் துழாவுகிறது என்று ஒரே பார்வையில் அளந்துவிட்டு, ஒருத்தியின் முழங்காலுக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். ஆவடி வந்ததும் அந்த ஒருத்தி பெரும்பாலும் எழுந்துவிடுவாள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால், "மூஞ்சிய பாக்காத, காலைப் பாரு. எறங்கப் போறவளுக்கு மொதல்ல காலுதான் எறங்கும்" என்பாள்.

இடம் பிடிப்பது அவளுக்கு விளையாட்டு அல்ல, வைத்தியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் பேக்கிங் பிரிவில் இருந்தாள். காலையில் மேஜை முன்னால் நின்றால் சாயந்தரம் வரைக்கும் நிற்க வேண்டியதுதான். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் முறுக்கிய கயிறாகப் புடைத்துக்கொண்டன. நிற்கிற வேலையை விட்டுவிடச் சொன்ன டாக்டரிடம், "வேலைய உட்டா ஊட்ல குந்தலாம் டாக்டர், சோறு யார் போடுவா?" என்று கேட்டுவிட்டு, வரும் வழியெல்லாம் நொண்டிக்கொண்டே வந்தாள். ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வரைக்கும் உட்காருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்தக் கால்களுக்குக் கிடைத்த ஓய்வு.

ஒரு காலத்தில் அவளுக்கு இதில் தலைக்கனமும் உண்டு. பெட்டியில் பாதிப் பேர் அவளிடம்தான் குறி கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி ராணி. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. முழுகாமல் இருந்தாள், வயிறு வெளியே தெரியாத மாதம், அதனால் எழுந்து இடம் கொடுப்பவரும் இல்லை. தலை சுற்றுகிறது என்றாள். தாட்சாயிணி சுற்றிப் பார்த்து, பச்சைப் புடவைக்காரி ஒருத்தியைக் காட்டி, "இந்தம்மா ஆவடிதான், கண்டிப்பா. இங்கயே நில்லு" என்று அவளை நிறுத்திவிட்டு, தான் அந்தக் கோடியில் வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவடியில் பச்சைப் புடவைக்காரி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். மற்ற இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. கூட்டத்தில் தாட்சாயிணிக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டரவாக்கத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ராணி வெளிறிய முகத்தோடு கைப்பிடி வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கூப்பிடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து ராணி வரவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சேதி வந்த பிறகுதான் தாட்சாயிணிக்குச் சோறு இறங்கியது. கண்டிப்பா என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து அதோடு போய்விட்டது. "எறங்கினாலும் எறங்குவா. நின்னு பாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் கண்ணம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சேலம், அதனால் வேலையை விடுகிறாள். தொழிலாளிகளில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் அந்த வேலைக்கு வரலாம், மேனேஜர் ரகுநாதன் பேசிப் பார்ப்பார் என்று போர்டில் ஒட்டினார்கள். சம்பளம் என்னவென்று தாட்சாயிணி கேட்கவில்லை. கண்ணம்மா உட்காரும் நாற்காலியைப் போய்ப் பார்த்தாள். சுழல்கிற நாற்காலி, முதுகுக்கு மெத்தை. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை ஒரு தடவை கையால் அழுத்தியும் பார்த்தாள்.

ஆங்கிலத்தை அவள் பத்தாம் வகுப்போடு வழியனுப்பி வைத்திருந்தாள். அதைத் திரும்ப அழைத்து வந்தவள் கஸ்தூரி. திருவள்ளூரிலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடும் பெண், பாரிமுனையில் டைப்பிஸ்ட், வயதில் தாட்சாயிணிக்குத் தங்கை மாதிரி. "புஸ்தகமெல்லாம் வேணாம்க்கா. தினமும் நீ என்ன பாக்கறியோ அதையே இங்கிலீஷ்ல சொல்லு" என்றாள். தாட்சாயிணி தினமும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஆகவே முதல் பாடம் இப்படி ஆரம்பித்தது: தி உமன் ஹூ மே கெட் டவுன் அட் ஆவடி.

இறங்கக்கூடிய பெண் என்று தமிழில் சுருக்கமாக முடிகிற விஷயம் ஆங்கிலத்தில் இப்படி நீண்டுபோவதில் தாட்சாயிணிக்கு முதலில் வருத்தம். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சமாதானமாகிவிட்டாள். "நம்ம மின்னாடியே சந்தேகத்த சொல்லிட்டு அப்பறம் ஆளக் காட்றோம். அவங்க ஆள மொதல்ல குந்தவச்சிட்டு அப்பறமா சந்தேகப்படறாங்க. அதுவும் ஒரு மரியாதைதான்."

பெட்டியே பாடசாலையாகிவிட்டது. டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிக்கொண்டு, தி கேர்ள் ஹூ மைட் ஹாவ் மிஸ்டு தி ட்ரெயின் என்று இன்னும் வராதவளைப் பற்றி ஒருத்தி சொல்வாள். கூடையில் கீரை கொண்டுபோகும் பஞ்சவர்ணம், யாரோ தன்னைக் காட்டி வாக்கியம் கட்டுவதைப் பார்த்து, "நோ நோ, நான் வில்லிவாக்கம்" என்று திருத்துவாள். உறுதியாகச் சொல்லும் வாக்கியங்களையும் கற்றுக்கொடுக்க கஸ்தூரி எவ்வளவோ முயன்றாள். தாட்சாயிணி அசையவில்லை.

"அது வாணாம் கண்ணு. அது ஒரு தபா என்னைக் கவுத்துடுச்சு."

"போன்ல பேசறவங்க உறுதியா ஒரு பதில் எதிர்பாப்பாங்கக்கா."

"எதிர்பாக்கட்டும். எனக்குத் தெரிஞ்சதுதான நான் சொல்ல முடியும்?"

தேர்வு நாளில் ஏற்பாடு இதுதான். ரகுநாதன் தன் அறையிலிருந்து வெளியூர் வாடிக்கையாளர் மாதிரி போன் செய்வார். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். முன்னால் போன இரண்டு பேரும் நன்றாகவே பேசிவிட்டு வந்தார்கள். தாட்சாயிணி உட்கார்ந்தாள். கம்பெனிக்குள் அவள் உட்கார்ந்து வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை. கால் இரண்டும் தரையில் படாமல் தொங்கின. இதை விட்டால் மறுபடியும் பேக்கிங் மேஜைதான் என்று நினைத்ததுமே நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது.

ஒரு குரல் ஆங்கிலத்தில் கத்தியது. புனேயிலிருந்து பேசுகிறேன், உங்கள் வளையம் வராமல் என் மெஷின்கள் நின்று கிடக்கின்றன, திங்கட்கிழமை நிச்சயம் என்றீர்கள், புதன்கிழமை நிச்சயம் என்றீர்கள், இன்னும் எத்தனை நிச்சயம் பாக்கி இருக்கிறது என்று. தாட்சாயிணிக்குப் பயமே வரவில்லை. மேனேஜர் சாருக்கு இப்படி நடிக்க வருமா என்ற ஆச்சரியம்தான் வந்தது. கத்தட்டும் என்று முழுக்கக் கத்தவிட்டாள். பிறகு நிதானமாக, "சார், தேர் ஈஸ் எ மேன் ஹூ மே நோ. ப்ளீஸ் ஹோல்ட்" என்றாள், தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார், லைனிலேயே இருங்கள் என்ற அர்த்தத்தில்.

சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவு பாஸ்கரனைக் கூப்பிட்டாள். அவர் சீட்டில் இல்லை. "சார், தேர் ஈஸ் அனதர் மேன் ஹூ மே நோ. டோன்ட் கட்." அடுத்து வாசல் காவல்காரர் உத்தமன். ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் வரும் போன்களெல்லாம் அவரிடம்தான் போகும். "புனே வண்டியா? டிரைவரு காலைல கோலாப்பூர்லருந்து பேசினாம்மா. டயரு பஞ்சராம், மாத்திகினு கெளம்பிட்டானாம்" என்றார்.

தாட்சாயிணி புனே லைனுக்குத் திரும்பி வந்தாள். டிரைவர் காலையில் கோலாப்பூரிலிருந்து பேசினான் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். இன்று ராத்திரி வந்து சேரக்கூடிய லாரியை, தேர் ஈஸ் எ லாரி விச் மே ரீச் யூ டுநைட் என்றாள். "சேராமலும் போகலாம் சார். சாயந்தரம் மறுபடி விசாரித்து நானே கூப்பிடுகிறேன்" என்பதையும் ஆங்கிலத்தில் எப்படியோ உருட்டிச் சேர்த்தாள். அந்தப் பக்கத்துக் குரல் தணிந்துபோய், மேனேஜரைக் கொடு என்றது.

மேனேஜரை மேனேஜர் எதற்குக் கேட்கிறார் என்று விழித்துக்கொண்டே தாட்சாயிணி நிமிர்ந்தாள். ரகுநாதன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தன் அறையில் எத்தனை தடவை டயலைச் சுழற்றியும் லைன் கிடைக்காமல் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர். ரிசீவரை வாங்கி, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"யார்கிட்ட பேசறோம்னு நெனச்சுப் பேசின?"

"உங்ககிட்டதான் சார். கொரல நல்லாதான் மாத்தினீங்க."

தொழிற்சாலையில் யாரும் பார்த்திராத காட்சியாக, ரகுநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஆளு என்ன சொன்னார் தெரியுமா? இந்த வாரம் எங்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆள் இந்தம்மாதான்னாரு. நாளைலருந்து இங்கயே உக்காரு." லாரி அன்று சாயந்தரமே போய்ச் சேர்ந்துவிட்டது. அதையும் அவளே போன் போட்டு விசாரித்து உறுதி செய்துகொண்டாள்.

மறுநாள் லேடீஸ் பெட்டி அமர்க்களப்பட்டது. கஸ்தூரி மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். பஞ்சவர்ணம் ஒரு கட்டு முளைக்கீரையைச் சும்மா கொடுத்தாள். நாற்காலி கிடைத்தவளை, தி உமன் ஹூ காட் தி சேர் என்று யாரோ ஆரம்பிக்க, பெட்டி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு அண்ணனூர் தாண்டியும் விடவில்லை. தாட்சாயிணி வெட்கப்படவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

இப்போதும் அவள் காலைப் பார்த்துத்தான் நிற்கிறாள். பழக்கம் போகவில்லை. போன வாரம் அப்படி ஒருத்தியின் முன்னால் நிற்கும்போது, இடுப்பில் குழந்தையோடு ராணி ஏறினாள். கடைக்குத் திரும்பப் போகிறாளாம். குழந்தையை மூலக்கொத்தளத்தில் அக்கா வீட்டில் விட வேண்டுமாம். ஆவடி வந்தது. முன்னால் இருந்தவள் எழுந்தாள். நாலு பேர் பாய்வதற்குள் தாட்சாயிணி பலகையில் உள்ளங்கையை ஊன்றினாள்.

"ராணி, இங்க வா."

"நீ குந்துக்கா. உனக்குத்தான் காலு வலிக்கும்."

"நான் ஆபீஸ்ல நாள் முச்சூடும் குந்திகினுதான் கீறேன். வா, வந்து குந்து."

சொல்லிவிட்டு, ஊன்றிய கையை எடுக்காமலே, மற்ற கையால் முந்தானையை இழுத்து அந்த இடத்தை ஒரு தடவை துடைத்துவிட்டாள்.