ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு முறை சோதனைக்குப் போனேன். இரண்டு முறையும் பக்கத்தில் இருந்த அதிகாரி கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். மொன்றியலின் நடுவில் இருப்பவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. நான் இருப்பதோ டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில். இங்கே வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும். தெருவில் யாராவது நடந்து போனால், பாவம் கார் பழுதாகிவிட்டதாக்கும் என்று இரக்கப்பட்டு நிறுத்துவார்கள்.

அப்படி நிறுத்தியவர்தான் அண்ணை. சொந்த அண்ணன் இல்லை, இரண்டு தெரு தள்ளி இருப்பவர். ஒரு பனிக்காலத்தில் கோயிலில் இருந்து பஸ் தரிப்புக்கு நடந்துகொண்டிருந்த என்னை அவரும் மனைவியும் ஏற்றிக்கொண்டார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். மகள் கல்யாணம் முடித்து ரொறொன்ரோ போனபிறகு நான் தனி ஆள். வெள்ளிக்கிழமைக் கோயில், சனிக்கிழமை மரக்கறிக் கடை, பல் வைத்தியர் என்று எல்லாப் பயணமும் அவர்களுடைய காரில் என்றாகிவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது, தொந்தரவு கொடுக்கிறேனே என்ற கூச்சத்தில் நான் சொல்வேன்:

"கரைச்சல் தந்திட்டன் அண்ணை."

"விசர்க் கதையை விட்டிட்டுக் கவனமாப் போம், வழுக்கும்."

கோடையிலும் வழுக்கும் என்றுதான் சொல்வார். அது எங்கள் இருவருக்கும் வாய்ப்பாடாகிவிட்டது.

காருக்குள் நாங்கள் சும்மா வருவதில்லை. எங்கள் பக்கத்துப் பெருந்தெருவில் ஒரு சந்தி இருக்கிறது. இடது பக்கம் திரும்பத் தனி வழி கிடையாது. எதிரே வரும் வாகனங்கள் ஓயும்வரை நிற்கவேண்டும், ஓய்வதற்குள் சிக்னல் சிவப்பாகிவிடும். அந்தச் சந்தி வந்ததும் அண்ணைக்குச் சுவாமி வந்துவிடும்.

"இடப்பக்கம் திரும்ப ஒரு லேன் போட இவங்களுக்கு என்ன வருத்தம்?"

"ரோட்டை அகட்டினா இன்னும் காருகள்தான் அண்ணை வரும். பின்னேரத்தில பஸ் விடச் சொல்லுங்கோ."

"பஸ்ஸோ? ஆர் ஏறுறது?"

"நான் ஏறுவன்."

"உமக்கு ஒராளுக்கு ஒரு பஸ்ஸோ? நீரென்ன மகாராணியோ?"

அக்கா முன் இருக்கையில் இருந்து, "பச்சை விழுந்திட்டுது, எடுங்கோ" என்பா. பின்னால் ஹோர்ன் கேட்கும். இப்படியே பல வருடம்.

நான் வேலை செய்வது மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அரைநாள் வேலை. காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, கிடைக்கிற பஸ்ஸில் வந்துவிடுவேன். போன வருடம் சமையலறைப் பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, பின்னேரத்துக்கு ஒரு நிரந்தர இடம் காலியாகிறது, உனக்குத்தான் தர விருப்பம் என்றார். முழுநேரம். பல்லுக்கும் கண்ணுக்கும் காப்புறுதி. யாருக்காவது சுகமில்லையென்றால் மட்டும் ஞாபகம் வருகிற ஆளாக இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. வாயெல்லாம் பல்லாக "மெர்சி" சொல்லிவிட்டுத் தரிப்பில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. இரவுச் சாப்பாடு முடிந்து நான் வெளியே வரும் நேரத்தில் எங்கள் பக்கம் போகிற பஸ் எல்லாம் படுத்துவிடும்.

அண்ணையிடம் கேட்டால் மறுக்கமாட்டார். அதுதான் சிக்கல். வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டு வருவார். பனி கொட்டினாலும் வருவார். அந்த மனுசனை அப்படி அலைக்கழித்து ஒரு வேலை எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்தேன். என் ரோசம் எனக்கு. பொறுப்பாளர் அம்மாவிடம் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்றேன். அவரும் சரி, ஆனால் கனநாள் வைத்திருக்க முடியாது என்றார். அக்காவிடம் மட்டும் சொன்னேன், அண்ணைக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான், எங்கள் பகுதியில் தெரு, போக்குவரத்து வேலைகளில் எதை முதலில் செய்வது என்று நகரசபை கூட்டம் வைத்து ஊராரைக் கேட்கப்போவதாகத் தபாலில் ஒரு துண்டு வந்தது. கூட்ட நாளன்று அண்ணை அதை மறுபடி கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "இண்டைக்கு இருக்கு இவங்களுக்கு" என்று சட்டை மாற்றினார். மூவரும் போனோம்.

மண்டபத்தில் கோப்பியும் மஃபினும் வைத்திருந்தார்கள். சுவரோரம் மூன்று பெரிய பலகைகள். ஒன்றில் சந்தி திருத்தம், அண்ணையின் லேன் அதில் வடிவாகக் கீறியிருந்தது. அடுத்ததில் மாலை பஸ். மூன்றாவதில் சைக்கிள் பாதை. மைக்கில் ஆளாளுக்குப் பேசினார்கள். கோயிலில் அடிக்கடி காணும் ஓய்வுபெற்ற சென்னை எஞ்சினியர் ஒருவர், பலகையிலேயே இல்லாத ரயிலைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு வேர்த்துப்போய் வந்து உட்கார்ந்தார். அண்ணையும் பேசினார். பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் ஓடி, "எதிர்ப்பக்கக் கார் ஓயிறதுக்கிடையில எங்களுக்கு வயசு போயிடும்" என்று தமிழில் முடித்தார். ஒன்றும் விளங்காமலே சனம் கைதட்டியது.

பிறகு கூட்டத்தை நடத்திய பெண் ஆளுக்கு மூன்று பச்சை ஒட்டிகள் தந்தாள். எது முக்கியமோ அதில் ஒட்டவேண்டும். மூன்றையும் ஒன்றிலேயே ஒட்டலாம். அக்கா அதைப் பார்த்து, "இதென்ன, ஒட்டுப்பொட்டோ?" என்று நெற்றியில் வைத்துக் காட்டினா.

நான் பஸ் பலகைக்குத்தான் போனேன். கையைத் தூக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணை பின்னால் நிற்கிறார், கோப்பியோடு. இத்தனை வருடம் என்னை ஏற்றி இறக்கிய மனுசன். அவர் கண் முன்னால் பஸ்ஸில் பொட்டு வைப்பது, உங்கள் கார் எனக்குப் போதவில்லை என்று சபையில் சொல்வது மாதிரி இருந்தது. கை தானாக இறங்கியது. பக்கத்துப் பலகைக்கு நகர்ந்து மூன்று பொட்டையும் அவருடைய லேனில் வரிசையாக ஒட்டினேன். ஒட்டிவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். என் வேலைக்கு நானே பால் ஊற்றியாகிவிட்டது.

வெளியே வரும்போது சென்னை எஞ்சினியர் கேட்டார். "என்னம்மா, உங்க அண்ணா கட்சி மாறிட்டாரா? மைக்ல லேன் லேன்னு பேசிட்டு மூணையும் பஸ்ல ஒட்டிட்டாரே!"

எனக்குச் சுருக்கென்றது. காரில் ஏறிப் பெல்ட் போட்டதும் கேட்டேவிட்டேன்.

"என்னை ஏத்தி இறக்கி அலுத்துப்போச்சோ அண்ணை? நேர சொல்லியிருக்கலாமே."

"நீர் ஏன் என்ர லேனில ஒட்டினனீர்? நான் கேட்டனானோ?"

"உங்களுக்காகத்தான் ஒட்டினனான்!"

"நான் ஆருக்கு ஒட்டினனாம்? எனக்கோ பஸ்?"

கார் சந்தியில் வந்து நின்றது. வழக்கம்போல எதிரே வாகனம் ஓயவில்லை. அண்ணை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உந்தப் பின்னேர வேலை விசயம் எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் வாறன் எண்டு சொன்னா, நீர் வேலையே வேண்டாம் எண்டுடுவீர். உம்மை எனக்குத் தெரியாதே? வேற என்ன செய்யிறது?"

நான் அக்காவைப் பார்த்தேன். சத்தியம் செய்த அக்கா யன்னலுக்கு வெளியே மிகக் கவனமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தா. கோபம் போன இடம் தெரியவில்லை. என்னை இவ்வளவு அறிந்து வைத்திருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தேன்.

"நீர் மூண்டு அங்க, நான் மூண்டு இங்க. ரெண்டுபேரும் சேர்ந்து ஒண்டும் புடுங்கேல்லை" என்றார் அண்ணை. பிறகு அக்காவிடம், "நீர் எங்க ஒட்டினனீர்?"

"சைக்கிள் பாதையில."

"சைக்கிளோ? ஏன்?"

"ஒருத்தரும் ஒட்டேல்லை. பாவம், வெறுமையாக் கிடந்தது."

சந்தியில் நின்றபடி மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பச்சை வந்து போனதுகூடத் தெரியவில்லை.

எங்கள் பொட்டுகள் எப்படிப் போனாலும் மற்றச் சனம் பஸ்ஸுக்கு நிறைய ஒட்டியிருக்கவேண்டும். இலையுதிர்காலத்தில் மாலை பஸ் ஒன்று வந்தது. ஆனால் பரீட்சார்த்தமாகத்தான். பனிக்காலம் முடியும்வரை ஏறுகிறவர்களை எண்ணிப் பார்ப்பார்கள், ஆள் காணாது என்றால் எடுத்துவிடுவார்கள். நல்லகாலம், பொறுப்பாளர் அம்மா அதுவரை பொறுத்திருந்தார். பஸ்ஸை நம்பி வேலைக்கு ஓம் சொன்னேன்.

முதல் கிழமை எனக்குப் பெரிய மிதப்பு. யாருக்கும் கரைச்சல் இல்லை, என் பாட்டில் வருகிறேன், என் பாட்டில் போகிறேன். இரண்டாம் கிழமை வாய்க்கு வேலையில்லாமல் போரடித்தது. குளிர் இறுகியபிறகு பயம் பிடித்தது. பல நாட்களில் அந்த நீளமான பஸ்ஸில் நானும் ஓட்டுநரும் மட்டும்தான். பஸ்ஸை எடுத்துவிட்டால் வேலையும் போய்விடும். லீவு நாளொன்றில் கோயிலில் சோறு பரிமாறும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். இந்த முறை சத்தியம் வாங்கவில்லை.

அடுத்து வந்த வியாழக்கிழமை, வேலை முடிந்து தரிப்பில் நின்றேன். பஸ் வந்தது. கதவு திறந்தது. முன் இருக்கையில், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்தபடி அண்ணை இருந்தார்.

"எங்கயண்ணை போட்டு வாறியள்?"

"ஒரு இடமுமில்லை. எங்கட பக்கத்தில ஏறி இஞ்ச வந்தன், இப்ப இதே பஸ்ஸில திரும்பிப் போறன். வெறும் பஸ் ஓடினா எடுத்துப்போடுவாங்களாம், அக்கா சொன்னவ. வெள்ளிக்கு அவ வருவா. கோயில் ஆக்களிட்டயும் சொல்லி வைச்சிருக்கிறன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குப் பஸ்ஸில் இருக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு தரிப்பிலும் எழும்பப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து இருத்தினேன். பஸ் எங்கள் சந்திக்கு வந்தது. இடது பக்கம் திரும்பவேண்டும். எதிரே வாகனம் ஓயவில்லை. சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு.

"பாத்தீரோ!" அண்ணைக்கு முகமெல்லாம் சந்தோசம். "லேன் இல்லாமப் பஸ் என்னெண்டு திரும்பும்? நான் அப்பவே சொன்னனான்!"

"பஸ் வந்தபடியால்தானே இப்ப சொல்லுறியள்!"

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு நல்ல சண்டை! எனக்கு வயிறு நிறைந்தது மாதிரி இருந்தது.

அவருடைய தரிப்பு என்னுடையதற்கு முந்தியது. எங்கே மணி அழுத்துவது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் எட்டி அழுத்தினேன். பஸ் நின்றது. அவர் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கதவுவரை போய்த் திரும்பினார்.

"கரைச்சல் தந்திட்டன் பிள்ளை."

"விசர்க் கதையை விட்டிட்டுக் கவனமாப் போங்கோ," என்றேன். "வழுக்கும்."